மொட்டையும் நடவும்

சமயபுரம் மாரியம்மன் கோயிலில் ஒரு மொட்டைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. தலையை நனைத்து, கத்தியில் புது பிளேடு மாட்டி, உச்சியிலிருந்து நெற்றிக்கு ஓர் இழுப்பு, காதோரம் இரண்டு இழுப்பு. குழந்தை வீறிடும். அப்பா அதன் தலையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பாட்டி கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு நிற்பார். 2021 செப்டம்பர் முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் இதற்குக் கட்டணமும் கிடையாது. மழித்த தலையோடு வெளியே வரும் யார் முகத்திலும் எதையோ பறிகொடுத்த சாயல் இருப்பதில்லை. போனது வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். சித்திரையில் இறக்கினால் தீபாவளிக்குச் சீப்பு வேண்டியிருக்கும்.

அதே வரிசையில் நாற்பது வயதுக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். நெற்றி உச்சிவரை ஏறிவிட்டது. காணிக்கை கொடுக்க மிச்சம் இருப்பது காதுக்கு மேலும் பிடரியிலும்தான். மழிப்பவருக்கு வேலை பாதி. இவருக்கும் திரும்ப முளைக்கும், எடுத்த இடத்தில் மட்டும். இந்த இரண்டு தலைகளுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கிவிட்டால், முடி நட்டுக்கொண்டு வீடு திரும்பியவர் தலையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

கத்தி வெட்டுவது செத்த பொருளைத்தான். தோலுக்கு வெளியே நீண்டு நிற்கும் முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆன இழை. அதில் ரத்த ஓட்டம் இல்லை, நரம்பு இல்லை. உயிர் இருப்பது தோலுக்குள்ளே, நாலைந்து மில்லிமீட்டர் ஆழத்தில், கொழுப்புப் படலத்தில் ஊன்றியிருக்கும் வேர்ப்பையில். அந்தப் பையின் அடியில் செல்கள் பெருகி மேலே தள்ளத் தள்ள முடி நீளுகிறது. எவ்வளவு ஒட்ட மழித்தாலும் கத்தி அந்த ஆழத்துக்குப் போவதில்லை. மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்று நம் வீடுகளில் சொல்வதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1928-லேயே மழித்த முடியை ஆராய்ந்து, மழிப்பதால் தடிமனோ வளரும் வேகமோ கூடுவதில்லை என்று எழுதிவிட்டார். வெட்டிய நுனி மழுங்கி நிற்பதால் தடவினால் சொரசொரக்கிறது, அவ்வளவுதான். பாட்டிகள் ட்ராட்டரைப் படிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. மொட்டைக்கு அவர்கள் வைத்திருக்கும் காரணம் தடிமன் மட்டும் அல்ல.

வழுக்கை வேறு கதை. ஒவ்வொரு வேர்ப்பையும் தனக்கென்று ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டு வளர்ச்சி, இரண்டு மூன்று வாரம் ஒடுக்கம், இரண்டு மூன்று மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் பழைய முடி கழன்று விழும். அதே பையிலிருந்து புதியது முளைக்கும். தலையில் ஏறத்தாழ 1,00,000 முடி உள்ள ஒருவருக்கு நாளைக்கு 50 முதல் 100 வரை கொட்டுவது இந்தக் கணக்கில்தான். பரம்பரையாக வழுக்கை விழுகிற ஆண்களுக்கு, முன்நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்ப்பைகள் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்குப் பணிந்துபோகின்றன. சுற்றுக்குச் சுற்று வளர்ச்சிக் காலம் குறைகிறது, பை சுருங்குகிறது, முடி மெலிகிறது. கடைசியில் பூனைமுடிதான் மிச்சம். பிடரியிலும் காதோரத்திலும் உள்ள பைகள் இந்த ஹார்மோனை அவ்வளவாக லட்சியம் செய்வதில்லை. எவ்வளவு முற்றிய வழுக்கையிலும் பின்னால் ஓர் அரைவட்டம் நிற்பது அதனால்தான்.

அந்த அரைவட்டத்தில் கொஞ்சம் எடுத்து முன்னால் வைத்தால்? ஜப்பானில் ஷோஜி ஒகுடா என்ற மருத்துவர் 1939-இல் தழும்பேறிய தலைகளிலும் புருவங்களிலும் இதைச் செய்து எழுதினார். ஜப்பானிய மொழியில் எழுதியதாலும், உலகப் போர் குறுக்கிட்டதாலும், வெளியே யாரும் கவனிக்கவில்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1952-இல் ஆண் வழுக்கையில் செய்து பார்த்தார். 1959-இல் கட்டுரையாக வெளியிட்டார். அவர் கண்டது எளிய உண்மை: இடம் மாறினாலும் வேர்ப்பை தன் பிறந்த இடத்துக் குணத்தை விடவில்லை. பிடரியில் கொட்டாமல் இருந்தது, நெற்றிக்கு வந்தும் கொட்டாமல் நின்றது. முடி நடவுத் தொழில் முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல் கட்டப்பட்டது.

ஆனால் அவர் காலத்தில் 4 மில்லிமீட்டர் வட்டங்களாக வெட்டி எடுத்து நட்டார்கள். வளர்ந்தபோது பொம்மைத் தலை மாதிரி கொத்துக் கொத்தாக நின்றது. நம் பக்கத்தில் நாற்றுக் கட்டுக்கும் ‘முடி’ என்றுதான் பெயர். அந்த முடியைப் பிரிக்காமல் அப்படியே சேற்றில் ஊன்றினால் வயல் எப்படி இருக்குமோ, அப்படி. பிரித்து நடும் பக்குவம் 1990-களில்தான் வந்தது. தலைமுடி இயற்கையிலேயே ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்து சிறு கட்டுகளாக முளைக்கிறது. அந்தக் கட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து நடுவதே இன்றைய முறை. பின்மண்டையில் ஒரு பட்டையைத் தோலோடு எடுத்துத் தையல் போட்டு, பட்டையை நுண்ணோக்கியின் கீழ் பிரிப்பது ஒரு வழி. அதற்கு எஃப்யூடி என்று பெயர். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குழல் கத்தியால் ஒவ்வொரு கட்டாகத் தோண்டி எடுப்பது இன்னொரு வழி, அது எஃப்யூஇ. இரண்டிலும் எடுத்த கட்டை ‘கிராஃப்ட்’ என்றே திருச்சி தில்லைநகரிலும் சொல்கிறார்கள், சென்னையிலும் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் 2,000 கிராஃப்ட் நட்டுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தலையில் இப்போது 2,000 கீறல்கள் இருக்கின்றன. பின்னால் 2,000 குழிகளோ நீண்ட ஒரு தையலோ இருக்கிறது. முன்னால் உள்ள ஒவ்வொரு கீறலிலும் ஒரு கிராஃப்ட் செருகியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது என்ன? தையல் இல்லை, பசை இல்லை. ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற நார்ப்பிசின் மட்டும்தான். முதல் ஓரிரு நாள் கிராஃப்ட்டுக்குச் சொந்த ரத்த ஓட்டமும் கிடையாது. சுற்றியுள்ள திசுவில் கசியும் நீரை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. இரண்டாம் மூன்றாம் நாள் பழைய நுண்குழாய்களும் புதிய நுண்குழாய்களும் வாயோடு வாய் இணையத் தொடங்குகின்றன. ஒரு வாரத்தில் ரத்தம் ஒழுங்காகப் பாயும்.

எத்தனை நாள் வரை கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வரும்? ராபர்ட் பெர்ன்ஸ்டீனும் வில்லியம் ராஸ்மனும் இதை வேண்டுமென்றே இழுத்துப் பார்த்து 2006-இல் எழுதினார்கள். முதல் இரண்டு நாள் முடியைப் பிடித்து இழுத்தால் கிராஃப்ட் கையோடு வந்தது. ஆறாம் நாளில் முடியை இழுத்தால் வரவில்லை. ஆனால் ஒட்டியிருக்கும் பொருக்கைப் பிய்த்தால் இன்னும் சில நாளுக்கு ஆபத்து இருந்தது. ஒன்பதாம் நாளுக்குப் பிறகு எதை இழுத்தாலும் வேர் அசையவில்லை. மருத்துவர்கள் ‘பத்து நாள் பத்திரம்’ என்று சொல்வது ஏதோ வாய்க்கு வந்த எண் அல்ல. இன்னொன்றும் இதில் இருக்கிறது: எதிரி முடி அல்ல, பொருக்கு. முடியைத் தொடக்கூடாது என்று நடுங்குபவர்கள், பொருக்கு அரிக்கிறது என்று நகத்தைக் கொண்டுபோவார்கள்.

இந்தப் பத்து நாளில் கிராஃப்ட் போவது பெரும்பாலும் பெரிய விபத்தில் அல்ல, இடித்துக்கொள்வதில். சென்னையில் சிகிச்சை முடித்துவிட்டு அன்றிரவே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் நடு பெர்த்தில் ஏறுவதை விடப் பொருத்தமற்ற பயணம் ஒன்றை யோசிக்க எனக்கு வரவில்லை. ஏறும்போது ஓர் இடி, நிமிரும்போது ஓர் இடி, இரவு முழுக்கத் தட்டையாகப் படுக்கை. இரண்டு நாள் தங்கி, முதல் கழுவலை மருத்துவமனையிலேயே முடித்துக்கொண்டு, பகலில் உட்கார்ந்து வருவது நல்லது. ஊருக்கு வந்த பிறகு காரின் கதவுச் சட்டம், ஒண்ணாம் நம்பர் பஸ்ஸின் மேல்கம்பி, ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் தாழ்ந்த நிலைப்படி. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குனிவது பழக்கம். ஆனால் மரத்துப்போன நெற்றி இடித்ததைக்கூடச் சொல்லாது. இடித்து ரத்தம் வந்தால் சுத்தமான காஸ் துணியை வைத்துத் தேய்க்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் மென்மையாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு மருத்துவருக்குப் போன்.

இருசக்கர வண்டி ஓட்டக்கூடாது. தலைக்கவசம் போட்டால் மாட்டும்போதும் கழற்றும்போதும் நெற்றியோரத்து நடவை உரசி எடுத்துவிடும். போடாமல் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2,000 வேரைக் காப்பாற்ற மண்டையோட்டைப் பணயம் வைப்பது என்ன கணக்கு? இரண்டு வாரம் காவிரிப் பாலத்தை ஆட்டோவில் கடந்தால் போதும்.

இனி வீட்டாரைப் பயமுறுத்தும் ஒரு விஷயம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காலையில் எழுந்தால் நெற்றி வீங்கியிருக்கும். மறுநாள் வீக்கம் மூக்குத் தண்டுக்கும் இமைக்கும் இறங்கும். கண் இடுங்கி, அடிவாங்கிய முகம். கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று அம்மா அழுவார். காரணம் மண்டையின் அமைப்பில் இருக்கிறது. தலைத்தோல் ஐந்து அடுக்கு. நான்காவது அடுக்கு தளர்வான பஞ்சு போன்ற திசு. மேலே உள்ள மூன்று அடுக்கும் அதன் மேல்தான் வழுக்குகின்றன. தலைத்தோலைக் கையால் அசைத்துப் பாருங்கள், எலும்பின் மேல் நகரும். சிகிச்சையில் செலுத்திய மரப்பு மருந்தும் உப்பு நீரும், காயத்தில் ஊறிய நீரும் அந்தத் தளர்ந்த அடுக்கில் இறங்குகின்றன. முன்புறத்தில் அதைத் தடுக்கும் எலும்புப் பிடிப்பு இல்லை. நேராக இமைக்குப் போக வழி திறந்திருக்கிறது. மண்டையில் அடிபட்டவருக்குக் கண் கறுத்துப்போவதும் இதே வழியில்தான். முகத்தின் வீக்கம் நாலைந்து நாளில் தானாக வடியும். நட்ட இடத்தில் கிருமி சேர்ந்ததன் அடையாளம் அல்ல. முதல் சில இரவு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தால் குறையும். ஈஸிசேர் உள்ள வீடு என்றால் இன்னும் நல்லது. தாத்தாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஐஸ் ஒத்தடம் புருவத்துக்கு மேலே நெற்றியில் மட்டும், நடவின் மேல் வேண்டாம்.

கழுவுவது பற்றிப் பேசும்போது ஸ்ரீரங்கம் ஒரு வேடிக்கையான உதாரணம் தருகிறது. இங்கே மூலவர் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. அதனால் அவருக்கு நீரால் திருமஞ்சனம் இல்லை. ஆனி மாதத்தில் தைலக்காப்பு சாற்றுகிறார்கள். திருமஞ்சனம் எல்லாம் உற்சவர் நம்பெருமாளுக்கு. எதனால் ஆனது என்று பார்த்து, அதற்கு எது ஆகும் எது ஆகாது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். புதிதாக நட்ட தலைக்கு நேர்மாறு. தண்ணீர் வேண்டும், தைலம் ஆகாது.

தண்ணீர் ஏன்? கிராஃப்ட்டுக்குப் பெரிய பகை வறட்சி. உடலுக்கு வெளியே குளிர்ந்த உப்பு நீரில் வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். பாபி லிம்மர் என்ற அமெரிக்க மருத்துவர் செய்த சோதனையில், இரண்டு மணி நேரம் வெளியே இருந்தவற்றில் 95% பிழைத்தன. 24 மணி நேரம் இருந்தவற்றிலும் 79% பிழைத்தன. அவ்வளவு நேரம் குளிரைத் தாங்குவது, காற்றில் காய விட்டால் நிமிடங்களில் கெட்டுவிடும். முதல் சில நாள் உப்பு நீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிச் சில மணிக்கு ஒருமுறை தெளிக்கச் சொல்வது அதற்காக. ஈரம் இருந்தால் பொருக்கும் கல்லாக இறுகாது.

முதல் தலைக்குளியல் எப்போது என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் வித்தியாசம் உண்டு. சிலர் மறுநாளே, சிலர் மூன்றாம் நாள். உங்களுக்கு நட்டவர் சொல்வதே உங்களுக்கு விதி. முறை மட்டும் பொது. ஷவரின் வேகம் நேராகப் படக்கூடாது. ஒரு மக்கில் வெதுவெதுப்பான நீரை எடுத்துத் தலைக்கு ஒட்டினாற்போல மெல்ல வார்க்க வேண்டும். மிதமான ஷாம்பூவைக் கையில் நுரைத்து, அந்த நுரையை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்ப்பது இல்லை, ஒற்றுவது. துண்டால் துவட்டாமல் காற்றில் உலர விட வேண்டும். ஏழு, எட்டு நாளுக்குப் பிறகு நுரையைச் சற்று நேரம் ஊறவிட்டு, விரல் நுனியால், நகம் படாமல், சுழற்றிச் சுழற்றிப் பொருக்கை உதிர்க்கலாம். பத்துப் பதினாலு நாளில் தலை சுத்தமாகிவிட வேண்டும். பயத்தில் கழுவாமலே இருப்பவர்களும் உண்டு. அவர்கள் தலையில் பொருக்கு தடித்து, அடியில் சீழ் வைக்க இடம் கொடுக்கும். தொட்டுக் கெடுத்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். தொடாமல் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

எண்ணெய்க்கு வருவோம். நம் ஊரில் சனிக்கிழமை நல்லெண்ணெய் வைக்காத ஆண் தலை, காவல் இல்லாத தோட்டம். எண்ணெய் விஷமா? இல்லை. ஆனால் எண்ணெயை யாரும் ஒற்றுவதில்லை, அரக்கித் தேய்ப்பார்கள். பிறகு அதை எடுக்கச் சீயக்காய். அந்தத் தூளை வைத்து மறுபடி தேய்ப்பு. குற்றம் எண்ணெயில் இல்லை, கையில். சீயக்காயும் அரப்பும் பொருக்கு முழுக்க உதிர்ந்து சில வாரம் ஆகும் வரை அலமாரியில் இருக்கட்டும்.

சந்தனம் இன்னும் நுணுக்கமான விஷயம். சமயபுரத்தில் மழித்த தலைக்கு அது சுகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: பூச்சில் உள்ள நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அங்கே தோல் முழுசாக இருக்கிறது. கத்தி பட்ட சிறு கீறல் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். நட்ட தலையிலோ 2,000 வாசல் திறந்திருக்கிறது. சந்தனம் காய்ந்தால் தகடாக இறுகி, ஒவ்வொரு கிராஃப்ட்டின் முடியையும் கவ்விக்கொள்ளும். அதை உரிப்பதும், பெர்ன்ஸ்டீன் செய்த பொருக்கு பிய்க்கும் சோதனையும் ஒன்றுதான். தேய்த்த கல்லின் சுத்தம் வேறு கேள்வி. மஞ்சளுக்கும், கற்றாழையை வெட்டி அப்படியே பூசுவதற்கும் இதே பதில். கோயில் பிரசாதம் என்றால் நெற்றியில் புருவ நடுவில் இட்டுக்கொள்ளலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

காவிரி முழுக்குக்கும் காத்திருக்க வேண்டும். ஆறு ஓடினாலும் அது கிருமி நீக்கிய நீர் ஆகிவிடாது. ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எந்த நன்னீரிலும் வாழ்பவை. திறந்த காயத்தில் புகுந்தால் தொல்லை கொடுப்பவை. ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபப் படித்துறையில் நின்று கால் நனைக்கலாம். தலை முழுகுவது ஒரு மாதம் கழித்து. நீச்சல் குளத்துக்கும் அதே கணக்கு.

வெயிலை யாரும் இங்கே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர். ஆனால் நட்ட தலைக்கு ஒரு கூடுதல் ஆபத்து: சில வாரங்களுக்கு உணர்ச்சி மந்தமாக இருக்கும். சுடுவது தெரியாமலே சுட்டுவிடும். ஹேர் டிரையரின் சூடும் அப்படித்தான். ஆறிவரும் தோலில் வெயில் பட்டால் நம் மாநிறத்தில் கருந்திட்டு விழுந்து நெடுநாள் நிற்கும். முதல் பத்து நாள் குடைதான் சரி. தொப்பியைப் போல அது தலையைத் தொடுவதில்லை. அதன்பின் தளர்வான தொப்பி, இரண்டு மூன்று மாதம் வரை.

புகையிலையை ஒரு வரியில் முடித்துவிடலாம். நிகோடின் நுண்குழாய்களை இறுக்கும். ரத்தத்துக்காக ஏங்கி நிற்கும் 2,000 உயிர்களுக்கு வரும் குழாயை மூடுவது அது. மது, கனமான உடற்பயிற்சி, மருத்துவர் சொல்லாத ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டும். வேறு நோய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் மட்டும் தானாக நிறுத்தவும் கூடாது, தானாகத் தொடங்கவும் கூடாது.

இப்போது எல்லோரும் உடைந்துபோகும் இடம். பத்து நாள் தவம் இருந்து, பொருக்கு எல்லாம் உதிர்ந்து, கண்ணாடியில் புதுத் தலை பார்த்து, இரண்டு வாரம் கழித்துத் தலையணையில் முடி. சீப்பில் முடி. ஆறு வாரத்தில் நட்டதில் பெரும்பகுதி கொட்டியிருக்கும். பணமும் போய் முடியும் போய்விட்டது என்று தோன்றும்.

நடந்தது இதுதான். இடம் பெயர்ந்த அதிர்ச்சியில் வேர்ப்பைகள் தங்கள் பஞ்சாங்கத்தை வேகமாகப் புரட்டி, ஓய்வுப் பக்கத்துக்குப் போய்விட்டன. ஓய்வுக்குப் போகும் பை முடியைக் கழற்றிவிடும். பை உள்ளேயே இருக்கும். லால்குடிப் பக்கம் நடவு நட்ட வயலைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் பழகிய காட்சி: நட்ட நாற்று முதலில் வாடி மஞ்சளாகி நிற்கும், பிறகு பச்சை பிடிக்கும். ஆனால் இந்த உவமையை ரொம்ப தூரம் இழுக்கக்கூடாது. நாற்று மஞ்சளாவதோடு சரி, தாள் விழுவதில்லை. பத்து நாளில் தேறிவிடும். முடியோ முழுத் தாளையும் உதிர்த்துவிட்டு மூன்று மாதம் தலைமறைவாகும். சரியான உவமை வயலில் இல்லை, சமயபுரத்தில் இருக்கிறது. இது கத்தி இல்லாமல் விழுந்த மொட்டை. வெளியே இருந்த இழை போயிற்று, வேர் இருக்கிறது. அங்கே சிரித்துக்கொண்டு வருகிற மனிதர், இங்கே அழுகிறார்.

மூன்றாம் நான்காம் மாதத்தில் மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். சில இடங்களில் வெளியே வர வழி தேடி, தோலுக்குள் சுருண்டு, பரு மாதிரி சிவந்து நிற்கும். வெந்நீர் ஒத்தடம் போதும், கிள்ளக்கூடாது. ஆறு மாதத்தில் பாதி உருவம், பன்னிரண்டு மாதத்தில் முழு உருவம். நட்ட இடத்துக்குப் பக்கத்தில் முன்பே இருந்த முடியும் சிலருக்குத் தற்காலிகமாகக் கொட்டும். அதைவிட முக்கியமானது, நடாத பழைய முடியின் வழுக்கை நிற்காது. நட்டது நிற்க, சுற்றியுள்ளது போய்க்கொண்டே இருந்தால் சில ஆண்டில் தலை நடுவே தீவு. மினாக்சிடில் 1988-இலும், வழுக்கைக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரை 1997-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மருத்துவர்கள் இவற்றைத் தொடரச் சொல்வது நட்ட முடிக்காக அல்ல, நடாத முடிக்காக. பக்க விளைவுகள் உண்டு, கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வீக்கமும் உதிர்வும் இயல்பு என்றால், எதற்குப் பதற வேண்டும்? காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, பரவும் சிவப்பு, சீழ், நாற்றம். நட்ட தோலின் ஒரு பகுதி கறுத்து நீலம் பாய்ந்தால் அங்கே ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே காட்ட வேண்டும். தலைத்தோலுக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம் என்பதால் இவை அபூர்வம். அந்த ஓட்டம்தான் காப்பு.

முடி நடவு அழகு நிலைய வேலை அல்ல, அறுவைச் சிகிச்சை. 2016 மே மாதத்தில், சென்னையில் முடி நட்டுக்கொண்ட இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் இரண்டு நாளில் வேலூரில் மருத்துவமனையில் இறந்தார். மருத்துவம் படித்தவருக்கே அப்படி ஆனது தமிழ்நாட்டை உலுக்கியது. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டு விதிகளை வெளியிட்டு, முறையான பயிற்சி பெற்ற தோல் மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் செய்ய வேண்டிய வேலை இது என்றும், பயிற்சிப் பட்டறையோ யூடியூபோ பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. நடவுக்குப் பின்னான பராமரிப்பின் முதல் பாடம் நடவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இரவு பதினொரு மணிக்கு வீக்கமோ ரத்தமோ வந்தால் எந்த மருத்துவர் போனை எடுப்பார்? பெயர் சொல்லத் தயங்கும் இடத்தில் நாற்காலியில் உட்கார வேண்டாம்.

ஸ்ரீரங்கத்தில் எழும் கேள்வி ஒன்று பாக்கி. நட்டு இரண்டு வாரத்தில் வீட்டில் ஒரு சாவு. மகன் சர்வாங்க சவரம் செய்துகொண்டு அம்மா மண்டபத்தில் உட்கார வேண்டும். சடங்கு செய்துவைக்கும் வாத்தியாரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். வேர் பத்து நாளில் பிடித்திருக்கும், ஆனால் கீறல்களின் மேல்தோல் இன்னும் பிஞ்சு. கத்தி பட்டால் சீவி எடுத்துவிடும். குறைந்தது ஒரு மாதம், நட்டவரைக் கேட்காமல் நட்ட இடத்தில் சவரக்கத்தி வேண்டாம். மற்ற இடத்தில் கத்தரியால் குறைத்துக்கொள்ளலாமா என்பது வாத்தியாரும் மருத்துவரும் சேர்ந்து சொல்ல வேண்டியது.

ஒரு வருடம் போய்விட்டால் இந்தத் தடை எதுவும் இல்லை. நட்ட முடியை மொட்டை போடலாம், வேண்டுதலுக்குக் கொடுக்கலாம். மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் அது மற்ற முடியோடு சேர்ந்து திரும்பி வரும். அடுத்த சித்திரையில் நம் ஸ்ரீரங்கத்துக்காரர் சமயபுரத்து வரிசையில் உட்காருகிறார். உச்சியிலிருந்து நெற்றிக்கு ஓர் இழுப்பு. இந்த முறை கத்திக்கு அங்கேயும் வேலை இருக்கிறது. தலையைக் கவிழ்த்துப் பிடரியை மழிக்கும்போதுதான் தோண்டிய இடங்கள் தெரியும்: பொடி வெள்ளைப் புள்ளிகள், பட்டையாக எடுத்திருந்தால் காதிலிருந்து காதுக்கு ஒரு மெல்லிய கோடு. வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம் மழிப்பவருக்குத் தெரிந்துவிடும். அவர் ஒரு நொடி கத்தியை நிறுத்திப் பார்ப்பார். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்து மிச்சத்தையும் இறக்குவார்.